கருத்தரிப்பு மருத்துவ ஃபெலோஷிப்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வழிகாட்டி

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் ஒரே வார்த்தையில்தான் கேட்பார்கள்: "விசேஷம் உண்டா?" இரண்டு வருடம் தாண்டினால் கேள்வியோடு ஒரு டாக்டர் பெயரும் சேர்ந்து வரும். அந்த டாக்டர் கோயம்புத்தூரில் இருப்பார், இல்லாவிட்டால் கொச்சியில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதியில் இந்தத் துறைக்கு ஆள் குறைவு. மகப்பேறு மருத்துவம் முடித்துவிட்டு ஊரில் இருக்கிற இளைய டாக்டர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ரீபுரொடக்டிவ் மெடிசின் (கருத்தரிப்பு மருத்துவம்) ஃபெலோஷிப் கிடைக்க என்ன செய்ய வேண்டும்? போன மாதம் ஒன்றுவிட்ட அக்கா மகளே கேட்டாள், "சித்தி, நீங்க எப்படி உள்ள போனீங்க?"

இரண்டாவது தடவைதான் போனேன். முதல் தடவை தோற்றதற்குக் காரணம் படிப்புக் குறைவு இல்லை, படித்த பகுதி தப்பு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வேலை: எந்த வழி என்று முடிவு செய்வது

இந்தத் துறைக்குள் போக இந்தியாவில் ஒரே வழி கிடையாது. ஒவ்வொரு வழியிலும் கேட்கிற சரக்கு வேறு.

முதலாவது எம்.சிஎச். ரீபுரொடக்டிவ் மெடிசின் அண்ட் சர்ஜரி, மூன்று வருட சூப்பர் ஸ்பெஷாலிட்டிப் பட்டம். வேலூர் சி.எம்.சி., கொச்சி அம்ரிதா, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களில் இருக்கிறது. நீட் எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுதி, மருத்துவக் கவுன்சலிங் கமிட்டி நடத்துகிற கவுன்சலிங் வழியாகத்தான் போக முடியும். டெல்லி எய்ம்ஸில் டி.எம். ரீபுரொடக்டிவ் மெடிசின் உண்டு, அதற்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். என்ற தனித் தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை.

இரண்டாவது எஃப்.என்.பி., தேசியத் தேர்வு வாரியத்தின் ஃபெலோஷிப், இரண்டு வருடம். அதற்கு எஃப்.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு.

மூன்றாவது, மருத்துவப் பல்கலைக்கழகங்களும் தனியார் மையங்களும் மருத்துவச் சங்கங்களும் நடத்துகிற ஃபெலோஷிப்புகள். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை இருக்கும். இங்கேதான் நேர்காணல், சிபாரிசு, கைவேலை எல்லாம் கணக்கில் வரும்.

முதல் இரண்டு வழிக்கும் மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி., எம்.எஸ். அல்லது டி.என்.பி. வேண்டும். எம்.சிஎச்.சுக்கும் எஃப்.என்.பி.க்கும் டி.ஜி.ஓ. டிப்ளமா மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் ஒரு வருடம் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கா போகிற யோசனை இருந்தால், அங்கே மகப்பேறு ரெசிடென்சி நான்கு வருடம், அதற்கு மேல் இந்த ஃபெலோஷிப் மூன்று வருடம். இங்கே எம்.எஸ். முடித்திருந்தாலும் ரெசிடென்சியை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஏழு வருடத்தை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் செய்த தப்பு இதுதான். 2022இல் நீட் எஸ்.எஸ். எழுதினேன். ஆறு மாதம் ராத்திரி ராத்திரியாக ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) புத்தகங்களைக் கரைத்துக் குடித்தேன். அந்த வருடத்திலிருந்து வினாத்தாள் மாறியிருந்தது: 150 கேள்வியும் மகப்பேறு மருத்துவம் முழுவதிலிருந்தும், பி.ஜி. இறுதித் தேர்வு மட்டத்தில். அறிவிப்பை அரைகுறையாகப் படித்திருந்தேன். இரண்டரை மணி நேரம், சரிக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 கழியும். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு, கர்ப்பகால வலிப்பு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் நிலைகள் இவற்றில் நான் துருப்பிடித்திருந்தேன். ரீபுரொடக்டிவ் மெடிசினுக்கும் பெண்கள் புற்றுநோய் அறுவைக்கும் ஒரே தாள்தான் என்பதை நினைவில் வையுங்கள். எதிரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு உங்கள் துறையே வேண்டாம், ஆனாலும் உங்களோடு போட்டி போடுகிறார்.

ஆகவே முதல் வழிக்குப் போகிறவர்கள் பி.ஜி. பாடத்தை விட்டு விலகாமல் படியுங்கள். பி.ஜி. முடித்த சூட்டோடு எழுதுவது நல்லது. மூன்று வருடம் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு எழுதினால் கை நன்றாகப் பழகியிருக்கும், பாடம் மறந்திருக்கும். எஃப்.இ.டி.க்கு அந்த வருட அறிவிப்பில் பாடப் பங்கீடு எப்படி என்று பார்த்துவிட்டு அதன்படி நேரத்தைப் பிரியுங்கள். மதிப்பெண் வழிகளைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மற்றது உட்கார்ந்து படிப்பது, அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

பி.ஜி. மூன்று வருடத்திலேயே செய்ய வேண்டியவை

தீசிஸ் தலைப்பை முதல் வருடத்திலேயே கேட்பார்கள். கையில் கிடைத்ததை எடுக்காமல், குழந்தையின்மை பக்கமாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெரிதாக இருக்க வேண்டாம். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பெண்களுக்கு முட்டை வளர்க்கும் மாத்திரை, ஐ.யு.ஐ. (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) முடிவுகள், கருக்குழாய் அடைப்பு, கர்ப்பப்பைக் காசநோய் என்று உங்கள் ஓ.பி.யில் தினமும் வருகிற விஷயமே போதும். தினமும் வருகிற விஷயமானால் ஆள் சேர்க்க ஓட வேண்டியதில்லை.

அப்புறம் ஸ்கேன். உள் ஸ்கேனில் முட்டை வளரும் சிறு பைகளான முட்டைப்பைகளை எண்ணுவது, வளர்ச்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் அளப்பது, கர்ப்பப்பை உள்சவ்வுத் தடிமன் பார்ப்பது, இவற்றை உங்கள் கையாலேயே செய்து பழக வேண்டும். ரேடியாலஜிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற பழக்கம் இந்தத் துறைக்கு ஒத்து வராது. ஸ்கேன் கையாள, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பதிவும் தகுதியும் வேண்டும். யார் மேற்பார்வையில் செய்கிறீர்கள் என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை வெளியிட வேண்டுமா? வேண்டும், ஆனால் எண்ணிக்கை முக்கியமில்லை. காசு கட்டினால் பத்து நாளில் போடுகிற பத்திரிகையில் மூன்று கட்டுரை இருப்பதைவிட, ஜர்னல் ஆஃப் ஹியூமன் ரீபுரொடக்டிவ் சயன்சஸ், ஃபெர்ட்டிலிட்டி சயன்ஸ் அண்ட் ரிசர்ச் மாதிரி இத்துறைக்காரர்கள் படிக்கிற இடத்தில் ஒன்று இருப்பது மேல். முதலாவது இத்துறை டாக்டர்களின் ஐ.எஸ்.ஏ.ஆர். சங்கத்துடையது, இரண்டாவது இந்தியன் ஃபெர்ட்டிலிட்டி சொசைட்டியுடையது. உங்களை நேர்காணல் செய்கிறவர் அதே பத்திரிகைக்கு எழுதியிருப்பார். உங்கள் கட்டுரையில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். தயங்கினால் அவருக்குப் புரிந்துவிடும்.

நோட்டுப் புத்தகம்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். இரண்டாவது தடவை, நேர்காணல் வழியில், எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது இதுதான்.

முதல் தோல்விக்குப் பிறகு பாலக்காட்டில் ஒரு லெவல் 1 கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐ.யு.ஐ. வரை செய்கிற இடம் லெவல் 1, ஐ.வி.எஃப். செய்கிற இடம் லெவல் 2. இது 2021ஆம் ஆண்டு ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டத்தின் கீழ் வந்த பிரிவு. சேர்ந்த முதல் நாளே ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு பக்கம். பெயர் கிடையாது, எண் மட்டும்.

பக்கத்தில் எழுதியவை: இருவர் வயது, எத்தனை மாதமாக முயற்சி, முன்பு கர்ப்பம் தங்கியதா, முட்டைப்பை எண்ணிக்கை, குழாய்ப் பரிசோதனை, கணவரின் விந்தணுப் பரிசோதனை எடுத்த தேதிகள், கொடுத்த சிகிச்சை, முடிவு. கடைசியில் ஒரு வரி: மறுபடி வந்தால் என்ன மாற்றுவேன்? அந்தக் கடைசி வரிதான் நோட்டுக்கு உயிர். கர்ப்பம் தங்காத பக்கங்களைக் கிழிக்காதீர்கள், அவைதான் நோட்டில் பாதிக்கு மேல் இருக்கும். நேர்காணலில் என் நோட்டைப் புரட்டியவர் வெற்றிகளை வேகமாகத் தள்ளிவிட்டுத் தோற்ற பக்கங்களில்தான் நின்றார்.

குறிப்பு எழுதி வைப்பதற்கு இந்தத் துறையில் ஒரு பழைய கதை உண்டு. கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் உருவாக்கிய சோதனைக் குழாய்க் குழந்தை 1978 அக்டோபர் 3ஆம் தேதி பிறந்தது. இங்கிலாந்தின் லூயிஸ் பிரவுன் பிறந்தது அதே வருடம் ஜூலை 25. யாரும் முகோபாத்யாயை நம்பவில்லை. 1981இல் உயிரை விட்டார். 1986 ஆகஸ்டில் மும்பையில் பிறந்த ஹர்ஷாவைத்தான் நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் குழந்தைக்குக் காரணமான விஞ்ஞானிகளில் ஒருவரான டி.சி. ஆனந்த குமாரே 1997இல் முகோபாத்யாயின் கைக்குறிப்புகளைப் பார்த்துவிட்டு, முதலில் செய்தது அவர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் போன பிறகு அவருக்காகப் பேசியது அந்தக் குறிப்புகள்தான்.

சரி, என் நோட்டுக்கு வருவோம். எங்கள் ஊரில் மட்டும் அதிகம் வருகிற ஒரு வகைப் பக்கத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். மனைவிக்கு 29 வயது, கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு ஊரில் பார்த்து, ஐ.வி.எஃப். செய்தால்தான் ஆகும் என்ற பேச்சோடு வந்தார்கள். கணவருக்கு வளைகுடாவில் வேலை. லீவுக்கு வருவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள், ஐம்பது நாள். நான் அந்த ஆறு வருடத்தை விட்டுவிட்டு, சேர்ந்து இருந்த மாதங்களைக் கூட்டினேன். மொத்தம் ஏழுகூட வரவில்லை. குழந்தையின்மை என்று பெயர் வைப்பதற்கே 12 மாதம் தொடர்ந்து சேர்ந்து இருந்திருக்க வேண்டும். 35 வயது தாண்டிய பெண்ணானால் ஆறு மாதத்திலேயே பரிசோதனையைத் தொடங்கலாம். இவர்களுக்கு அந்தப் பெயரே பொருந்தவில்லை.

அதோடு முடியவில்லை. கணவரின் ஒரு பரிசோதனையில் எண்ணிக்கை குறைவாக இருந்தது. மறுபடி எடுக்க வேண்டும், ஆனால் விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அவருக்கு லீவோ நாற்பது நாள். காய்ச்சல் வந்து எழுந்த வாரத்தில் எடுத்த பரிசோதனையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே அழுதுகொண்டிருந்தது. அவர் இருக்கும் நாட்டிலேயே நல்ல லேபில் மறுபரிசோதனை செய்யச் சொல்லி, அடுத்த லீவுக்கு நாள் குறித்து, மனைவியின் முட்டை வளர்ச்சியை அந்த லீவோடு சேர்த்துத் திட்டம் போட்டு, தேவைப்பட்டால் விந்தணுவை உறையவைத்துப் போவது பற்றியும் பேசி அனுப்பினேன்.

நேர்காணலில் "உங்கள் ஊரில் இருந்து ஒரு கேஸ் சொல்லுங்கள்" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அரை மணி நேரம் இதிலேயே போனது. "எண்ணிக்கை எவ்வளவு இருந்தால் குறைவு என்பீர்கள்?" என்று கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு ஆறாவது பதிப்பில் மில்லிக்கு 1.6 கோடி, அசைவு 42 சதவீதம். ஆனால் அந்த எண்கள், முயற்சி தொடங்கி ஒரு வருடத்துக்குள் மனைவிக்குக் கர்ப்பம் தங்கிய ஆண்களில் அடிமட்ட ஐந்து சதவீதத்தின் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. இந்தப் பிற்பாதியைச் சேர்த்துச் சொன்னபோதுதான் எதிரில் இருந்தவர் தலையாட்டினார்.

உங்கள் ஊர் நோயாளிகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாமியாருக்குத் தெரியாமல் வருகிற பெண், ஒரு வாக்கியம் தமிழிலும் அடுத்த வாக்கியம் மலையாளத்திலும் பேசுகிறவர் எல்லோரையும் நோட்டில் ஏற்றுங்கள். "முழுகாமல் இருக்கிறாள்" என்று ஒரு பாட்டி சொன்னால் அது கர்ப்பம் என்று புரிந்துகொள்ளும் டாக்டர், பெரிய ஊர் மையங்களுக்குத் தேவைப்படுகிற ஆள்தான். அதை வெட்கமில்லாமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

சிபாரிசு

கடிதத்தைவிட இங்கே ஒரு போன் அதிகம் வேலை செய்யும், அதுதான் உண்மை நிலவரம். ஆனால் போன் போடுகிறவர் உங்களை நிஜமாகவே பார்த்திருக்க வேண்டும். துறைத் தலைவர் பெரிய பெயராக இருக்கலாம், ராத்திரி இரண்டு மணிக்கு உங்களோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர் அசோசியேட் புரொஃபசராக இருக்கலாம். இரண்டாவது ஆளிடமே கேளுங்கள். கேட்கும்போது, "மேடம், நான் செய்ததில் உங்களுக்கு ஞாபகம் இருக்கக்கூடிய மூன்று விஷயம் இது" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எழுதுகிறவருக்கும் வேலை மிச்சம்.

நேர்காணலுக்குத் தயாராவது

நேர்காணலில் மூன்று திசையிலிருந்து கேள்வி வரும்.

ஒன்று பாடம். பி.சி.ஓ.எஸ். பற்றி, அதைக் கண்டறியும் 2003 ராட்டர்டாம் அளவுகோலைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள், 2023 சர்வதேச வழிகாட்டியில் ஏ.எம்.எச். ஹார்மோன் பரிசோதனை எங்கே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முட்டை குறைவாக வரும் பெண்களைப் பிரிக்கும் பொசைடன் வகைகள், முட்டை வளர்க்கும் ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஓ.எச்.எஸ்.எஸ். வராமல் தடுப்பது, எப்போது எல்லாக் கருக்களையும் உறையவைப்பது, இவை எப்படியும் வரும். முடிந்தால் ஒரு வாரம் அனுமதி வாங்கிக் கரு வளர்க்கும் எம்ப்ரியாலஜி லேபில் நின்று பாருங்கள். முட்டையில் விந்தணு சேர்ந்ததா என்று 16 முதல் 18 மணி நேரத்துக்குள் பார்க்கிற அந்தக் காலை வேலையை ஒரு தடவை கண்ணால் பார்த்தவரும் படத்தில் மட்டும் பார்த்தவரும் பேசும் விதமே வேறு.

இரண்டாவது, உங்கள் வேலையை மாற்றிய ஆய்வு எது என்று கேட்பார்கள். நான் சொன்னது 2014இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த, முட்டை வளர்க்கும் மாத்திரையான லெட்ரோசோல் பற்றிய ஆய்வு. பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம், இன்னொரு மாத்திரையான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். அந்த ஆய்வு வந்தபோது இந்தியாவில் குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் கொடுக்கத் தடை இருந்தது. 2011இல் போட்டது, பிறகு நீக்கினார்கள். இந்த முரணைச் சொன்னால் பேச்சு தானாக வளரும். அதே பத்திரிகையில் 2019இல் கர்ப்பப்பை உள்சவ்வைக் கீறிவிடுவதால் பலன் இல்லை என்று வந்ததையும் படித்து வையுங்கள். நோயாளியிடம் காசு வாங்கிக்கொண்டு சேர்க்கிற கூடுதல் சிகிச்சைகள் பற்றி உங்கள் நிலை என்ன என்று நிச்சயம் கேட்பார்கள்.

மூன்றாவது சட்டம். பலர் வழுக்குவது இங்கேதான். ஏ.ஆர்.டி. சட்டப்படி சிகிச்சை பெறப் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது. முட்டை தானம் செய்பவருக்கு 23 முதல் 35, வாழ்நாளில் ஒரு தடவை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. "ஆண் பிள்ளையாகவே வைத்துக் கொடுங்கள், காசு எவ்வளவானாலும் சரி" என்று கேட்கிற ஆள் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. 1994இன் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தில் 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்திலிருந்து அது குற்றம். இந்த நோயாளியிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். சட்டப் பிரிவை ஒப்பித்தால் போதாது, அந்த ஆளிடம் சொல்லப் போகிற வார்த்தையையே சொல்லிக் காட்ட வேண்டும்.

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். நான் இரண்டுக்குச் சொன்னேன்.

சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை

இடம் கிடைத்த சந்தோஷத்தில் இதை விட்டுவிடுவார்கள். ஃபெலோஷிப் என்ற பெயரில் மலிவாக டாக்டர் வைத்துக்கொள்கிற இடங்களும் இருக்கின்றன. நான் நேர்காணலுக்குப் போன ஒரு நகரத்து மையத்தில், அங்கே ஏற்கெனவே இருந்த ஃபெலோ காபி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: எட்டு மாதமாக ஒப்புதல் படிவம் நிரப்புவதும் ஊசித் தேதி எழுதுவதும்தான் வேலை, ஊசியைக் கையில் பிடித்து முட்டை எடுத்ததே இல்லை. அதற்கு அவள் பணமும் கட்டியிருந்தாள். நான் அங்கே சேரவில்லை.

ஆகவே நேரடியாகக் கேளுங்கள்: மேற்பார்வையில் என் கையால் எத்தனை முட்டை எடுப்புகள் செய்வேன்? அதற்குக் கையெழுத்திட்ட பதிவு தருவீர்களா? ஏ.ஆர்.டி. விதிகளில் லெவல் 2 மையத்தின் மகப்பேறு மருத்துவருக்கான தகுதிகளில், பயிற்சி பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் 50 முட்டை எடுப்புகள் செய்த பதிவு என்று ஒன்று இருக்கிறது. ஆகவே அந்தப் பதிவு உங்கள் வேலைக்கான சாவி. கரு வைப்பது எத்தனை, ஹிஸ்டரோஸ்கோபி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எத்தனை என்றும் கேளுங்கள். அந்தச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் அல்லது வாரியம் தருகிறது, மாநில மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவாகுமா, உதவித்தொகை எவ்வளவு, கட்டணம் உண்டா, நடுவில் விட்டால் என்ன தண்டம், கட்டாய வேலைக்கான பாண்டு உண்டா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் போன வருடம் முடித்த ஒருவரிடம் போனில் பேசுங்கள், தற்போது இருப்பவரிடம் வேண்டாம். இருப்பவர் பயப்படுவார்.

எல்லை தாண்டுகிறவர்களுக்கு ஒரு காகித வேலை

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். கேரள மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர் கோயம்புத்தூரிலோ வேலூரிலோ பயிற்சிக்குச் சேர்ந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவு கேட்பார்கள். அதற்கு முதலில் இங்கிருந்து தடையில்லாச் சான்றிதழ் போக வேண்டும். எம்.எஸ். அல்லது டி.என்.பி. கூடுதல் தகுதியாக ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், பி.ஜி. முடித்த அலுப்பில் பலர் அதை அப்படியே விட்டிருப்பார்கள், நானும் விட்டிருந்தேன். பெயரின் இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். இங்கே தமிழ்ப் பள்ளியில் படித்து அப்புறம் மலையாள ஊர்க் கல்லூரிக்குப் போனவர்களுக்கு இந்தச் சிக்கல் நிறைய. என் பெயர் மூன்று சான்றிதழில் மூன்று விதமாக இருந்தது. அதைச் சரிசெய்யவே ஏழு வாரம் போனது. நேர்காணல் முடிவு வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பம் போட்ட வாரமே இதற்கும் எழுதிப் போடுங்கள்.